கோட்டுக்கு இன்னொரு முனை

அத்தியாயம் 6

பெண்கள் ஓய்வறை வாசலில் நின்றபோதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பதினைந்து வருடம் சோப்பு விற்றுப் பிழைத்தவன் நான். அழுக்கைக் கண்டு மூக்கைப் பொத்தினால் அந்தப் பிழைப்பு ஓடியிருக்காது. ஆனால் அது வெந்நீர் விட்டுத் தேய்த்தால் போகிற அழுக்கு. இந்தக் கட்டிடத்தில் இருந்தது அந்த ரகம் இல்லை.

"மாமா, மூஞ்சியைச் சுளிச்சது போதும். டார்ச்சைப் பிடிங்க" என்றாள் என் மச்சினி.

துப்பறிவது அவள். டார்ச் பிடிப்பது நான். அவள் என் மனைவியின் தங்கை. முன்பு கட்டிட வரைபடம் போடும் ஆபீசில் வேலை பார்த்தவள். ஒரு சுவரைப் பார்த்தால் அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று யோசிக்கிற வியாதி அங்கேதான் ஒட்டிக்கொண்டது. எனக்கு அங்கே தொங்கும் துண்டைத் துவைத்து எத்தனை மாதம் ஆயிற்று என்றுதான் யோசிக்க வரும்.

அது நான்கு மாடிக் கோச்சிங் சென்டர். நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைப் பிழிந்து காயப்போடுகிற இடம். போன வாரம் அங்கே பிசிக்ஸ் எடுக்கும் டீச்சருடைய போனுக்கு ஒரு படம் வந்தது. அவர் இதே ஓய்வறையில், தோளில் துணி இல்லாமல் முகம் கழுவிக்கொண்டிருக்கும் படம். கீழே ஒரு வரி. அந்த வரியை நான் இங்கே எழுதப் போவதில்லை; எழுதினால் பேனாவைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். அனுப்பிய நம்பர் அன்றைக்கே செத்துப்போனது. டீச்சர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஓய்வறையைத் தேடியதில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே, சுவரில் பென்சில் தடிமனுக்கு ஒரு ஓட்டை அகப்பட்டது. சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. வெளியே ஒரு சந்து. சந்துக்கு எதிரே சென்டருக்குச் சொந்தமான பழைய கட்டிடம். அதன் மேல் மாடியில் ஒரே ஒரு ஜன்னல், சென்டரின் எலக்ட்ரீஷியன் குடியிருக்கும் அறை. அவருடைய டூல் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு கேமரா விழுந்தது. ஆளைப் பிடித்து ஜெனரேட்டர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

எங்களைக் கூப்பிட்டது அவருடைய மனைவி. அதே சென்டரில் லேப் அசிஸ்டென்ட். காலையில் எங்கள் ஆபீசுக்கு வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"அவரைக் காப்பாத்துங்கன்னு நான் வரல மேடம். அவர் செஞ்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். செஞ்சிருந்தா நானே கொண்டுபோய் ஸ்டேஷன்ல விடுவேன்."

"செய்யலைன்னா?" என்று கேட்டாள் என் மச்சினி.

அந்தப் பெண் விழித்தார். அப்படி ஒன்று இருக்க முடியும் என்பதையே அவர் யோசித்திருக்கவில்லை போல.

இப்போது அவர் ஓய்வறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சென்டரின் டைரக்டர். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை, வருத்தமான முகம். அந்த வருத்தம் சட்டையோடு சேர்த்து இஸ்திரி போட்டு எடுத்துவந்தது போல அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

"நீங்களே அளந்து பாருங்க மேடம். வெளியாள் ஒருத்தர் சொல்லிட்டா எங்களுக்கும் நல்லது. மன்னிப்புக் கடிதம் டைப் ஆகிட்டிருக்கு. மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டா சத்தமில்லாம வேலையை விட்டு அனுப்பிடுவோம். இல்லன்னா போலீஸ். ஆயிரம் பேரு படிக்கிற இடம், பாருங்க."

"பாக்குறேன் சார். நீங்க போங்க, நான் கூப்பிடுறேன்."

அவர் போனதும் சென்ட் வாசனை மட்டும் பின்தங்கி நின்றது. நான் ஜன்னலைத் தேடினேன். அந்த அறையில் ஜன்னலே இல்லை.

என் மச்சினி பையிலிருந்து ஒரு நேரான கம்பியை எடுத்து ஓட்டைக்குள் விட்டாள். ஓட்டை சாய்வாகப் போனது; கம்பியும் சாய்ந்தே நின்றது. வெளிமுனை சந்துப் பக்கம் மேலே ஏறியிருந்தது. உள்முனை எங்கள் பக்கம் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. அவள் கம்பியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மட்டப்பலகையையும் டேப்பையும் வைத்து மூன்று தடவை அளந்தாள்.

"கம்பி முனை சுவரை விட்டு ஆறு அங்குலம் விலகியிருக்கு. அதுக்குள்ள வலப்பக்கம் ரெண்டு அங்குலம் போயிருக்கு. மூணு அங்குலம் இறங்கியிருக்கு. ரெண்டு, மூணு, ஆறு. இதான் இந்தக் கோட்டோட திசை விகிதம்."

"எனக்குப் புரியிற பாஷையில சொல்லுமா."

"வெளிப்பக்கமும் இதே கணக்குத்தான் மாமா, தலைகீழா. சந்துல ஆறடி குறுக்கே போனா ரெண்டடி இடப்பக்கம், மூணடி மேல. பன்னெண்டடி போனா நாலும் ஆறும். எவ்வளவு தூரம் போனாலும் விகிதம் மாறாது. சந்தோட அகலம் பன்னெண்டடி. இப்போ சொல்லுங்க, எதிர்ச் சுவர்ல கோடு எங்க போய் முட்டும்?"

நான் மாடிப்படிப் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்து மனசுக்குள் நாலடி, ஆறடி என்று எண்ணினேன். எண்ணி முடித்தபோது என் கண் எலக்ட்ரீஷியனின் ஜன்னலில் நின்றது. ஓரத்தில் இல்லை, நட்டநடுவில்.

திரும்பி வந்து சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது. பொண்டாட்டி வேலை செய்கிற இடத்திலேயே, அவளுடன் வேலை செய்கிற பெண்களை. அந்த ஆளை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம் என்று தோன்றியது. லேப் அசிஸ்டென்ட் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அப்போ அவர்தான்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"கோடு அங்க போகுது. அவ்வளவுதான் நான் சொன்னேன்" என்றாள் என் மச்சினி. "கொஞ்சம் பொறுங்க. மாமா, நம்ம பக்கம் நீட்டிட்டிருக்கிற கம்பி எத்தனை அங்குலம்னு அளங்க."

அளந்தேன். "ஏழு."

"ஏழே முக்கால் இல்ல? ஆறரை இல்ல?"

"ஏழுன்னா ஏழும்மா. நூல் பிடிச்ச மாதிரி ஏழு."

அவள் சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கு வேலை வருகிறது என்று அர்த்தம். அடுத்து நான் எங்கேயாவது ஏற வேண்டியிருக்கும்.

"ரெண்டோட வர்க்கம் நாலு. மூணோடது ஒம்பது. ஆறோடது முப்பத்தாறு. கூட்டினா நாப்பத்தொம்பது, வர்க்கமூலம் ஏழு. மூணையும் ஏழால வகுத்தா திசைக் கொசைன், கோடு எந்தப் பக்கம் எவ்வளவு சாயுதுன்னு சொல்ற எண்ணுங்க. அந்த மூணையும் வர்க்கம் பண்ணிக் கூட்டினா எப்பவும் ஒண்ணுதான் வரும், எந்தக் கோடா இருந்தாலும். ஆனா இவ்வளவு சுத்தமா முழு எண்ல வர்றது ரொம்ப அபூர்வம் மாமா. கணக்கு வாத்தியார் பரீட்சைக்குக் கேள்வி எடுக்கும்போது மட்டும்தான் வரும். பையன் மூலம் எடுக்கத் திணறக் கூடாதுன்னு ரெண்டு மூணு ஆறு போடுவாங்க. இல்லன்னா ஒண்ணு ரெண்டு ரெண்டு போடுவாங்க, அதுக்கு மூணு வரும்."

"தற்செயலா அமைஞ்சிருக்கலாமே."

"எதிர் ஜன்னல் மூணடி அகலம். உள்ள எங்க குறி வெச்சாலும் போதும். எலக்ட்ரீஷியன் ட்ரில்லைப் பிடிச்சா கண்ணால பாத்துக் குத்துவாரு, குத்துமதிப்பா ஒரு சாய்வு வரும். இந்த ஆளு அவ்வளவு பெரிய ஜன்னல்லயும் சரியா ஏழு வர்ற புள்ளியைத் தேடிப் பிடிச்சிருக்கான். பழக்கதோஷம்."

லேப் அசிஸ்டென்ட் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் நம்பிக்கை வந்தது என்று சொல்ல மாட்டேன். பயம் வேறு பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

"வாங்க, அந்த ஜன்னலுக்கே போய்ப் பாத்துடலாம்" என்றாள் என் மச்சினி.

எதிர்க் கட்டிடத்தின் படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பிடியில் கை வைத்தால் கை நம்முடன் வர மறுத்தது. யாரோ வருடக்கணக்கில் மூலையில் துப்பி வைத்திருந்தார்கள். ஆயிரம் பிள்ளைகளின் பீஸ் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஒரு வாளி தண்ணீருக்கும் கொஞ்சம் பினாயிலுக்கும் போகவில்லை என்பது நிச்சயம்.

ஆனால் எலக்ட்ரீஷியனின் அறைக்குள் தரை துடைத்திருந்தது. சுவரில் ஒயர்ச் சுருள்கள் அளவு வாரியாகத் தொங்கின. ஒரு அலமாரியில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அந்த அறையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இளகியது; உடனே என்னை நானே திட்டிக்கொண்டேன். சுத்தமாக இருப்பவன் யோக்கியன் என்றால் சோப்புக் கம்பெனி முதலாளிகள் எல்லாரும் மகான்கள் ஆகியிருக்க வேண்டும்.

என் மச்சினி பைனாகுலரை என்னிடம் கொடுத்தாள். "ஓட்டை வழியா உள்ள பாருங்க. என்ன தெரியுது?"

கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. ஒருவழியாக எதிர்ச் சுவரில் அந்த ஓட்டை வெளிச்சப் புள்ளியாகக் கிடைத்தது. உள்ளே ஏதோ தெரிந்தது.

"நீலமா இருக்கு. காசு அளவுக்கு ஒரு நீலம்."

"துணியா?"

"அசையல. பளபளப்பா இருக்கு. கோடு கோடா..." பைனாகுலரை இறக்கினேன். "அடச்சீ. தரை துடைக்கிற வாளிம்மா அது."

"வாளியேதான். ஓட்டை தரையிலேர்ந்து மூணடி உயரத்துல இருக்கு. உள்பக்கம் கோடு ஆறடி போறதுக்குள்ள மூணடி இறங்கித் தரையில முட்டிடும். முட்டுற இடத்துலதான் அந்த வாளி நிக்குது. பென்சில் தடிமன் ஓட்டை, ஒம்பது அங்குலச் சுவர். இங்கேர்ந்து பாத்தா வாளியோட இடுப்பைத் தவிர ஒண்ணும் தெரியாது. முகம் கழுவுற பேசின் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துல இல்ல, அறையோட அந்தக் கோடியில இருக்கு."

லேப் அசிஸ்டென்ட் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்போ அந்தப் படம்?"

"இந்த ஜன்னல்லேர்ந்து எடுத்தது இல்ல. இந்த ஓட்டை எதையும் பாக்குறதுக்காகப் போட்டதே இல்ல. உங்க வீட்டுக்காரரைக் கைகாட்டுறதுக்காகப் போட்டது. ஒரு கோட்டுக்கு ரெண்டு முனை உண்டு, ப்ளஸ்ல ஒண்ணு, மைனஸ்ல ஒண்ணு. ஓட்டை போட்டவன் ப்ளஸ் பக்கம் மட்டும் கணக்குப் போட்டான். மைனஸ் பக்கம் கோடு எங்க போகுதுன்னு திரும்பிக்கூடப் பாக்கல."

அந்தப் பெண் பைனாகுலரை ஜன்னல் திண்டில் வைத்தார். இப்போது ஜெனரேட்டர் ரூமுக்கு ஓடுவார் என்று நினைத்தேன். அவர் ஓடவில்லை. அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாருன்னு தெரியட்டும் மேடம். முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு அவர் முன்னால போறேன்" என்றார்.

அந்த சென்டரில் கணக்கு என்றால் ஒரே ஆள்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சென்டம் சார். வாசல் போர்டில் அவர் படம் டைரக்டர் படத்துக்குப் பக்கத்தில், அரை அடி மட்டும் சின்னதாக இருந்தது. நாங்கள் போனபோது தனி அறையில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் மூன்று மரக்கட்டைகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஆணியடித்த மாடல் ஒன்று. மூன்று அச்சு. மூன்றும் சேரும் மூலையிலிருந்து ஒரு இரும்புக் குழல் சாய்வாக நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று பவ்யமாக ஆரம்பித்தாள் என் மச்சினி. பவ்யம் அவளுக்கு இரவல் சட்டை. ஆனால் அளவு சரியாக இருக்கும். "ஒரு கோட்டோட திசைக் கொசைன் கேட்டா ரெண்டு விடை வருமே. ப்ளஸ்ல ஒண்ணு, மைனஸ்ல ஒண்ணு. பசங்களை எதை எழுதச் சொல்வீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. கணக்கு கேட்டால் மலர்கிற முகம். "ப்ளஸ்தான். மைனஸ் எல்லாம் டைம் வேஸ்ட் மேடம். ஒரு விடை எழுதினா மார்க் வந்துடும். நான் பாடத்துல சொல்றதே அதான், ப்ளஸ்ஸை எடு, அடுத்த கணக்குக்குப் போ."

"மைனஸ் பக்கம் என்ன இருக்குன்னு பாக்கவே மாட்டீங்களா?"

"எதுக்கு? அதான் விடை வந்தாச்சே."

"ஒரு வாளி இருக்கு சார்."

அவருக்குப் புரியவில்லை. என் மச்சினி அந்த மரமாடலை எடுத்துக் குழலைச் சாய்த்து மேஜையில் தட்டினாள். சிவப்பாகக் கொஞ்சம் தூள் விழுந்தது. செங்கல் தூள். பிறகு டேப்பை எடுத்துக் குழலின் சாய்வை அளந்தாள். அளக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"ட்ரில்லோட முனையை இந்தக் குழல்ல விட்டுத்தானே துளை போட்டீங்க? சாய்வு தப்பாம வரும். ரெண்டு, மூணு, ஆறு. பாடம் நடத்துற சாமானையே எடுத்துட்டுப் போயிருக்கீங்க."

நான் ஒரு அடி முன்னால் போனேன். கை தானாக உயர்ந்தது. ஆள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"படம் நான் எடுக்கல. சத்தியமா நான் எடுக்கல. ஓட்டை மட்டும்தான் நான் போட்டேன். லீவு நாள்ல வந்து போட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"சார், நான் கணக்கு மட்டும்தான் போட்டுக் கொடுத்தேன். இங்கேர்ந்து அந்த ஜன்னலுக்கு ஒரு கோடு வேணும்னு கேட்டாரு. அதுக்கு விகிதம் கண்டுபிடிச்சேன். எதுக்குன்னு நான் கேக்கல. புதுசா ஒரு கிளை வருது, அதுக்கு நான்தான் தலைமைன்னு சொல்லியிருந்தாரு. அந்தப் பொம்பளைங்களை நான் ஏறெடுத்துப் பாத்ததுகூட இல்ல. நீங்க யார்கிட்ட வேணும்னாலும் விசாரிங்க."

என் வாழ்க்கையில் பலவிதமான துர்நாற்றங்களைப் பார்த்திருக்கிறேன். தோல் பதனிடும் ஆலைக்கு சோப்பு விற்கப் போயிருக்கிறேன். மீன் கழிவு அள்ளும் இடத்துக்குப் போயிருக்கிறேன். அங்கெல்லாம் வேலை செய்கிறவர்கள் வெளியே வந்ததும் கையை முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். இந்த மனிதர் தன் கையை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். பாருங்கள், எவ்வளவு சுத்தம் என்று காட்டுகிற மாதிரி. உள்ளே ஒருவன் இருட்டில் பூட்டிக்கிடக்கிறான், வெளியே ஒருத்தி அவனை வெறுத்துக்கொண்டு நிற்கிறாள், இவர் போட்டது வெறும் கணக்கு. ஓங்கிய கையை நான் இறக்கிக்கொண்டேன். அவரைத் தொட எனக்கு மனசு வரவில்லை.

"கேட்டாருன்னா யாரு?" என்று கேட்டாள் என் மச்சினி.

சென்டம் சார் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். போர்டில் அரை அடி பெரிதாக இருந்த முகம் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் நினைவை வைத்து யாரையும் உள்ளே தள்ள முடியாதே.

"சொல்ல வேணாம் சார். உக்காருங்க. அந்தப் படமே சொல்லும்" என்றாள் அவள்.

மறுபடியும் ஓய்வறை. பிசிக்ஸ் டீச்சர் தன் உருவத்தைக் கறுப்பாக அழித்துவிட்டுக் கொடுத்திருந்த படத்தை என் மச்சினி போனில் விரித்தாள். மிச்சம் இருந்தது பேசின், குழாய், குழாய்க்குப் பின்னால் சுவரில் பதித்த சோப்புத் தட்டு.

"மாமா, படத்துல குழாயோட மூக்கு எதை மறைக்குது?"

"சோப்புத் தட்டோட இடது மூலையை."

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு, இங்கயும் அதே மூக்கு அதே மூலையை மறைக்கிற இடத்துக்குப் போங்க. ரெண்டு புள்ளி இருந்தா ஒரு கோடு. படம் எடுத்த கண்ணு அந்தக் கோட்டுலதான் எங்கயோ இருந்திருக்கணும். கோட்டை விடாம அப்படியே பின்னால வாங்க."

ஒற்றைக் கண்ணோடு பின்னால் நடந்தேன். நடக்க நடக்கத் தலை உயர வேண்டியிருந்தது. குனிந்தால் குழாய் நழுவியது. நுனிக்காலில் நின்றேன். போதவில்லை. ஸ்டூலில் ஏறினேன். போதவில்லை. லேப் அசிஸ்டென்ட் ஒரு மேஜையை இழுத்துப்போட்டு அதன்மேல் ஸ்டூலைத் தூக்கிவைத்தார். நான் ஏறினேன். முதுகு எதிர்ச் சுவரில் இடித்தது. குழாய் மூக்கு சோப்புத் தட்டின் மூலையைக் கச்சிதமாக மூடியது.

"இதுக்கு மேல பின்னால போக முடியாதும்மா. சுவர்."

"திரும்பிப் பாருங்க."

திரும்பினேன். என் மூக்குக்கு நேராகக் காற்றுப் போக்கியின் இரும்பு ஜாலி. அதில் படிந்திருந்ததைத் தூசி என்று சொன்னால் தூசி கோபித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையும் ஏதோ பூச்சியின் காலும் சேர்ந்து கெட்டியாக அப்பியிருந்தன. குமட்டலை அடக்கிக்கொண்டு டார்ச் அடித்தேன். நடுவில் ஒரு இடத்தில், கட்டைவிரல் வைக்கிற அளவுக்கு, பிசுக்கு துடைத்திருந்தது. பளிச்சென்று இருந்தது. உள்ளிருந்து துணி விட்டுப் பதமாகத் துடைத்த மாதிரி.

இந்தக் கட்டிடம் முழுக்கச் சுத்தமாக இருந்தது அந்த ஒரு இடம்தான். இறங்கி ஓடிவிட வேண்டும் போல் இருந்தது.

"அங்க என்ன பண்றீங்க?" என்று வாசலில் குரல் கேட்டது. டைரக்டர். கையில் டைப் செய்த கடிதம்.

என் மச்சினி அவரைப் பார்க்கவில்லை. லேப் அசிஸ்டென்டைப் பார்த்துக் கேட்டாள். "இந்த ஜாலிக்கு அந்தப் பக்கம் யாரோட ரூம்?"

"டைரக்டர் சாரோட ரூம்" என்றார் அந்தப் பெண். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: "இந்த இடத்துல அவரோட பாத்ரூம் வரும். வேற யாருக்கும் சாவி கிடையாது."

"ஏதோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டிருக்கீங்க" என்றார் டைரக்டர். குரலில் இஸ்திரி கலைந்திருந்தது. "ஆயிரம் பேரு படிக்கிற இடம் மேடம். நான் ரெண்டு பொண்ணுங்களைப் பெத்தவன். எதுவா இருந்தாலும் உக்காந்து பேசித் தீத்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே அவர் பின்வாங்கினார். அவருடைய அறைக்கதவு நாலு எட்டு தள்ளி இருந்தது. நான் ஸ்டூலிலிருந்து குதித்தேன், கணுக்கால் மளுக்கென்றது. லேப் அசிஸ்டென்ட் எனக்கு முன்னால் போய் அந்தக் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். ஒல்லியான பெண்; டைரக்டர் தள்ளினால் விழுந்துவிடுவார். அவர் தள்ளவில்லை. அந்தப் பெண் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"போலீசுக்குச் சொல்லியாச்சு" என்றாள் என் மச்சினி. "அவங்க வந்து அந்த பாத்ரூமைத் திறப்பாங்க. ஏணி வெச்சிருப்பீங்களா, தொட்டி மேல ஏறி நிப்பீங்களான்னு அவங்க பாத்துக்கட்டும். கணக்கு போட்டுக் கொடுத்தவரு அந்த ரூம்ல உக்காந்திருக்காரு. அவரு இனிமே மைனஸையும் சேத்து எழுதுவாருன்னு நினைக்கிறேன்."

டைரக்டர் என்பக்கம் திரும்பினார். ஆம்பளைக்கு ஆம்பளை புரிந்துகொள்வான் என்று நினைத்தார் போல. என் தோளில் கை வைத்து, "சார், நீங்களாவது..." என்று ஆரம்பித்தார்.

நான் அந்தக் கையை இரண்டு விரலால் எடுத்துக் கீழே விட்டேன். அந்தச் சட்டையை நான் மறுபடி போடவில்லை.

போலீஸ் வந்தது. பாத்ரூமில் கேமராவும் இருந்தது, ஏறி நிற்க ஒரு மோடாவும் இருந்தது. மோடாவுக்கு உறை தைத்துப் போட்டிருந்தார், கால் வழுக்காமல் இருக்க. டூல் பையில் கிடந்த கேமராவும் இதனுடைய ஜோடிதான்; எதிர்க் கட்டிடத்து அறைகளுக்கெல்லாம் மாற்றுச்சாவி அவர் மேஜை டிராயரில் இருந்தது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஜெனரேட்டர் ரூம் சாவியை லேப் அசிஸ்டென்டே வாங்கிக்கொண்டார். "கூட வாங்க மேடம். தனியாப் போக முடியல" என்றார்.

கதவைத் திறந்ததும் டீசல் நெடி அடித்தது. எலக்ட்ரீஷியன் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி எங்களைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீங்க செய்யலைங்க. தெரிஞ்சிடுச்சு" என்றார் அந்தப் பெண்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"இவங்க அளந்து கண்டுபிடிச்சாங்க."

"அளந்தா?" அவர் தலையை ஆட்டினார். கோபமாகக்கூட இல்லை. "நேத்து இந்தக் கம்பி ஜன்னல் வழியா உன்னைக் கூப்பிட்டேன். தண்ணி வேணும்னு கேட்டேன். நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்ட."

"ஆமா."

"ஏன்?"

என் மச்சினி என் கையைப் பிடித்து இழுத்தாள், போய்விடலாம் என்று. என்னால் நகர முடியவில்லை. அந்தப் பெண் ஏதாவது சொல்லிப் பூசி மெழுகுவார் என்று எதிர்பார்த்தேன். பயந்துட்டேன், குழம்பிட்டேன் என்று எத்தனையோ இருக்கிறது.

"அருவருப்பா இருந்துச்சு" என்றார். "உங்க முகத்தைப் பாக்க, உங்க குரலைக் கேக்க. நீங்க தொட்ட டம்ளரைத் தொட."

"இப்போ?"

"இப்பவும் இருக்கு. என் மேல."

எலக்ட்ரீஷியன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. அவர் கையை நீட்டினார். அவர் மனைவியும் நீட்டினார். ஆனால் எலக்ட்ரீஷியன் நீட்டியது சுவரில் இருந்த கொக்கிக்கு, தன் சட்டையை எடுக்க. எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டி, எங்களைக் கடந்து வெளியே போனார். அந்தப் பெண் நீட்டிய கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

வராந்தாவில் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நடந்தார். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றார்.

எலக்ட்ரீஷியன் கேட் வரைக்கும் போனார். கேட்டைத் திறந்தார். வெளியே போகவில்லை, தெருப் பக்கம் திரும்பியபடியே, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போங்க" என்றாள் என் மச்சினி.

அந்தப் பெண் போனார்.